தண்ணீரில் சொல்லாத பெயர்

1

நேற்றோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. நான் நாள் குறித்து வைத்திருக்கவில்லை. மகள்தான் ஞாபகப்படுத்தினாள், அதுவும் தன்னை அறியாமல்.

பலெர்மோ ரயில் நிலையத்துக்குப் பின்புறம், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் தகரம் இருக்கிறது. அதற்குள் தையல் நூல், மடு மாதா படம், காலாவதியான பத்திரங்கள். அவற்றோடு நகத்தளவு ஒரு மெமரி கார்ட். ஒரு கமராவிலிருந்து நான் கழற்றியெடுத்து, ஒரு வருடமாகத் திறந்து பாராமல் வைத்திருந்தது. நேற்று ஊசி தேடப்போன அனிற்றா அதைத் தன் கணினியில் செருகிவிட்டாள்.

"பப்பா, இஞ்சை வாங்கோ. இந்தக் குருவிப் படத்துக்குள்ளை முதலை நிக்குது."

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி ஜெசிந்தா கத்தியைக் கீழே வைத்தாள். "வாயை மூடு பிள்ளை," என்றாள். எங்கள் வீட்டில் ஒரு வருடமாக யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அனிற்றா பதினேழு வயதுக்காரி, இங்கேயே பிறந்தவள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் உண்டு, எல்லாப் பெயரையும் சத்தமாகவே சொல்லுவாள்.

"ஆபிரிக்காவுக்குப் போனீராம், சிங்கம் பாத்தனீரோ?" என்று ஊரிலிருந்து நீங்கள் மூன்று நான்கு பேர் கேட்டீர்கள். நான் ஏதோ பகிடி சொல்லிச் சமாளித்தேன். சிங்கம் பார்க்கவில்லை. எதைப் பார்த்தேன், பார்த்தும் எதைச் சொல்லாமல் விட்டேன் என்பதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

2

லிபெர்த்தாப் பகுதியில் சின்னோர் கயெத்தானோவின் வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்தேன். மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த மனிதர், எண்பதைத் தாண்டியவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் எலேனா மிலானோவில் இருக்கிறார். சமையல், துப்புரவு, மருந்து, குளிக்கவார்ப்பது எல்லாம் என் பொறுப்பு.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் நீர்ப்பறவைகளைப் படம் பிடிப்பது. வியாழக்கிழமைகளில் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு த்ராப்பானி உப்பளத்துக்குப் போவேன். அங்கே பூநாரைகள் வந்து நிற்கும். மன்னார்க் களப்பில் நாங்கள் பார்த்து வளர்ந்தவை போலவே இருக்கும். "இதுகளுக்கு மட்டும் பெர்மெஸ்ஸோ தேவையில்லை, சின்னோரே" என்று எங்கள் வதிவிட அனுமதிப் பத்திரத்தை நினைத்து நான் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பார். அவரும் நானும் கதைத்தது இத்தாலியனில். எழுத உட்கார்ந்தால் எனக்கு என் தமிழ்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபிரிக்கப் பயணத்துக்கு நாலு வருடத்துக்கு முன்பு அவருடைய கண்ணின் நடுப்பார்வை போகத் தொடங்கியது. ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. கதவும் கதிரையும் படியும் தெரியும். ஆனால் நேரே நிற்கிற முகம் ஒரு கறுப்புப் பொட்டுக்குள் போய்விடும். தலையைச் சரித்து, கண்ணின் ஓரத்தால் பார்த்துப் பழகிக்கொண்டார். அதனால் வெளியாட்கள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

"எலேனாவுக்குச் சொல்லாதை, சவேரியோ," என்றார். சேவியர் என்ற என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும். "தெரிஞ்சால் என்னைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்திலை விட்டிட்டு வீட்டைப் பூட்டிப்போடுவாள்."

என் பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். வீட்டைப் பூட்டினால் என் வேலை ஒப்பந்தமும் முடிந்துவிடும். நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. பதில் வரும்வரை வேலை அறுபடக்கூடாது, பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழக்கூடாது. ஆகவே அவருடைய கண்ணை நான் மறைத்தேன், என் வேலையை அவர் வைத்திருந்தார். இரண்டு பேரும் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

உப்பளத்தில் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று காதுக்குள் சொல்லுவேன். "கொஞ்சம் இடப்பக்கம். இன்னும் கொஞ்சம். மெல்ல. இப்ப." அவர் அமத்துவார். பிறகு, "எப்பிடி வந்திருக்கு?" என்று கேட்பார். "பெல்லிஸ்ஸிமா" என்பேன், அழகோ அழகு என்று. பாதிக்கு மேல் மங்கல். சிலதில் ஒரு காலும் வானமும்தான் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு நானே இரண்டு படம் எடுத்துச் சேர்த்துவிடுவதும் உண்டு. அவருடைய விறாந்தையில் கண்ணாடி போட்டுத் தொங்கிய பூநாரை நான் எடுத்ததுதான். வந்தவர்கள் அதைப் புகழும்போது அவர் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பார். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனாலும் சொல்லமாட்டேன்.

3

கெட்டதின் பெயரைச் சொல்லாமல் விடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். புற்றுநோய் என்று சொல்லமாட்டோம், 'அந்த வருத்தம்' என்போம். இருட்டினால் பாம்பும் பூச்சியாகிவிடும். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் யாருக்காவது வதிவிடப் பத்திரம் மறுத்துவிட்டார்கள் என்றால், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "அவருக்கு அது வந்திட்டுதாம்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வோம். வாயில் வந்தால் வாசலிலும் வந்துவிடும் என்று பயம்.

என் அப்பா அருவியாறு கடலில் விழுகிற பக்கத்தில் வலை வீசியவர். தோணி தண்ணீரில் இருக்கும்வரை, அனிற்றா சொன்ன அந்தப் பிராணியின் பெயரைச் சொல்லக்கூடாது. கண்டால் தோணி விளிம்பில் இரண்டு தட்டு. எல்லாரும் கையைக் காலை உள்ளே இழுத்துக்கொள்ளுவார்கள். பெயரைச் சொன்னால், தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம்.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் பயத்தில் நான் அதைக் கத்திச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாள் பக்கத்து வீட்டு அந்தோனியண்ணை வலை எடுக்க ஆற்றில் இறங்கினவர் திரும்பி வரவில்லை. செத்தவீட்டில் அவருடைய மனைவி என்னைப் பார்த்து ஒரு வசனம்தான் சொன்னார். "நீதானேடா கூப்பிட்டனி."

எனக்கு இப்போது ஐம்பத்துமூன்று வயது. இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவேன். ஆனால் என் நாக்கு என்னைக் கேட்டு நடப்பதில்லை.

4

"சம்பேசி எண்டு ஒரு ஆறு," என்றார் சின்னோர் ஒருநாள். "அங்கை தண்ணியைக் கிழிச்சுக்கொண்டு பறக்கிற குருவி இருக்கு. அதை ஒருக்காப் பிடிச்சிட்டால் எனக்குக் காணும்." அந்தப் பறவையின் கீழ் அலகு மேல் அலகைவிட நீளம். வாயைத் திறந்து, கீழ் அலகைத் தண்ணீருக்குள் விட்டபடியே பறக்குமாம். பின்னால் தண்ணீரில் நேராக ஒரு கோடு விழுமாம். கண்ணின் ஓரமும் போவதற்கு முன் போகவேண்டும் என்றார்.

ஜெசிந்தாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "கண் தெரியாத மனிசனை ஆத்துக்குக் கூட்டிக்கொண்டு போறியளோ? ஏதும் நடந்தால் ஆரைக் கேப்பினம்?"

"சும்மா இரும். படம் எடுக்கத்தானே போறம்."

"எனக்கு மனம் சரியில்லை. இரண்டு நாளா இடக்கண் துடிக்குது."

"பொம்பிளையளுக்கு இடக்கண் துடிச்சால் நல்லதெண்டுதானே சொல்லுறவை?"

"அப்ப வலக்கண்ணும் துடிக்குது," என்றாள் கோபமாக.

எலேனா மிலானோவிலிருந்து அழைத்தார். "சவேரியோ, அப்பாவின்ரை கண் எப்பிடி? வீடியோவிலை என்னைப் பாக்காமல் எங்கையோ பாக்கிறாரே?"

"போனை நான் சரியாப் பிடிக்கேல்லை, சின்னோரா," என்றேன். 

என் பெர்மெஸ்ஸோ அப்போது புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. கையில் தபால்கந்தோர் பற்றுச்சீட்டு மட்டும். அதை வைத்துக்கொண்டு இத்தாலியை விட்டுப் போய்த் திரும்பலாம், ஆனால் இடையில் வேறு ஐரோப்பிய நாட்டில் இறங்கக்கூடாது. ஆகவே ரோமாவிலிருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து சாம்பியா. ரோமா விமான நிலையத்தில் எல்லைப் பொலிஸ்காரர் அந்தத் துண்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "திரும்பி வருவீரா?" என்று கேட்டார்.

"அவன் வராட்டி நானும் வரமாட்டன்," என்றார் சின்னோர். பொலிஸ்காரர் சிரித்தார். சின்னோர் அதைப் பொலிஸ்காரருக்குச் சொல்லவில்லை, அவருக்குப் பக்கத்தில் இருந்த சுவருக்குச் சொன்னார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அப்போதே திரும்பிப் போயிருக்கலாம்.

5

அகலமான, அவசரமில்லாத ஆறு. எங்களுக்கு வாய்த்தது தட்டையான அலுமினியப் படகு. விளிம்பு தண்ணீருக்கு ஒரு முழம்கூட உயரமில்லை. படகோட்டி மோசஸ் ஆங்கிலத்தில் முதல் வார்த்தையாகச் சொன்னது, "கையை வெளியே விடாதீர்கள்." நான் அதைச் சின்னோருக்கு இத்தாலியனில் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்தானே என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாட்கள் பறவைகளால் நிறைந்தன. நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயவைத்தன. ஓராள் உயர நாரை ஒன்று அரை மணித்தியாலம் அசையாமல் நின்றது. தாமரைக்கோழி இலைக்கு இலை நடந்து போனது. கரையில் கிடந்த மரக்கட்டைகள் எல்லாம் மரக்கட்டைகள் அல்ல. மோசஸ் அவற்றைக் காட்டி, பெயரைச் சாதாரணமாகச் சொல்லுவான். ஒவ்வொருமுறையும் நான் நெஞ்சில் குருசு போட்டேன். "கரையிலை வேறை என்ன?" என்று சின்னோர் கேட்டால், "மணல், சின்னோரே" என்பேன்.

நாலாம் நாள் பின்னேரம் ஒரு மணல்திட்டுக்குப் பக்கத்தில் மோசஸ் எஞ்சினை நிறுத்தினான். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தக் கோடு கிழிக்கும் பறவைகள் திட்டிலிருந்து எழும்பின.

"இடப்பக்கம். வருது. இன்னும் வருது. இப்ப."

கமரா தடதடவென்று பதினொரு தரம் அடித்தது. பறவை எங்களைத் தாண்டிப் போனது. கோடு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்று அழிந்தது. "பிடிச்சிட்டம், சவேரியோ!" என்று கமராவை என் கையில் தந்துவிட்டுச் சின்னோர் இரண்டு கையாலும் தொடையில் அடித்துச் சிரித்தார். அந்த ஆட்டத்தில் மடியில் கிடந்த லென்ஸ் மூடி சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. படகோடு ஒட்டி மிதந்தது. மோசஸ் படகின் மறு முனையில் நின்று, நீர்யானைகள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்துத் தாமரைக்கோழிகள் இரண்டும் ஒரேயடியாக எழும்பிப் போயின.

"மூடி," என்று சொல்லிக்கொண்டு சின்னோர் குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினார்.

நான் கண்டேன். இரண்டு புடைப்பு, பின்னால் ஒரு கோடு. பறவை கிழித்தது போன்ற அதே நேர்க்கோடு, எங்களை நோக்கி.

என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கை மட்டும் தானாகப் போய்ப் படகின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டியது.

சின்னோர் ஒரு கணம் நின்றார். தலையைச் சரித்தார். கையை எடுத்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன். ஆனால் அவர் அருவியாற்று ஆள் இல்லையே. இன்னும் குனிந்து, முழங்கை வரை கையை விட்டார்.

நான் மறுபடியும் தட்டினேன், விரல் மூட்டுத் தோல் கிழிய. மோசஸ் திரும்பிப் பார்த்தான். குழறிக்கொண்டு பாய்ந்து சின்னோரின் கொலரைப் பிடித்துப் பின்னால் எறிந்தான். அவர் கை இருந்த இடத்தில் தண்ணீர் எழும்பி உடைந்தது. வாயின் உட்புறத்தை நான் பார்த்தேன். வெளிறிய மஞ்சள் நிறம். படகு சாய்ந்து நிமிர்ந்தது. சின்னோர் இருக்கையின் மூலையில் விழுந்தார். அவருடைய இடுப்பெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மோசஸ் என் பக்கம் திரும்பினான். "நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்! ஏன் வாய் திறக்கவில்லை?" என்று என்னைக் கேட்டான். 

பிறகு நினைத்தேன், இத்தாலியனிலாவது சொல்லியிருக்கலாம். அந்த ஆற்றுக்குத் தமிழும் தெரியாது, இத்தாலியனும் தெரியாது. இதற்கெல்லாம் அந்த நேரத்தில் புத்தி எங்கே வேலை செய்தது.

6

அங்கத்தைய ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் சின்னோரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "எத்தனை?" என்று கேட்டார். அதோடு நாலு வருட மறைப்பு முடிந்தது. பலெர்மோவுக்குக் கொண்டுவந்த பிறகு எலேனா என்னை ஆஸ்பத்திரி நடைபாதையில் நிறுத்தினார்.

"எவ்வளவு காலமாத் தெரியும்?"

"நாலு வருசம், சின்னோரா."

"ஆத்திலை நீ அவரை எச்சரிச்சனியா?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"சரி. அப்பாவைக் கேக்கிறன். கேட்டிட்டுத் தெனூன்சியா குடுக்கிறதா எண்டு யோசிப்பன்."

தெனூன்சியா என்றால் பொலிஸ் முறைப்பாடு. அது பதிவாகிவிட்டால் என் குடியுரிமை விண்ணப்பம் என்ன ஆகும் என்று பொலிதேயாமாப் பகுதியில் ஒரு வக்கீலிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். அந்தக் குலுக்கல் எனக்குப் போதுமாக இருந்தது.

சின்னோர் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்துக்குப் போனார். வீடு பூட்டப்பட்டது. இப்போது நான் மாடிக்கட்டடங்களில் படிக்கட்டு கழுவுகிறேன். காலையில் வேலைக்கு இறங்கும்போது முதலில் தபால் பெட்டி. நீதிமன்றக் கடிதம் வரும் பச்சை உறை ஏதாவது கிடந்தால் யார் பெயருக்கு என்று முதலில் பார்ப்பேன். ஜெசிந்தா மேலே நின்று, "ஏதுமோ?" என்பாள். "ஒண்டுமில்லை" என்பேன். ஒரு வருடமாக எங்களுக்குள் காலை வணக்கம் இதுதான். சின்னோரைப் போய்ப் பார்க்கவில்லை. அவர் மகளிடம் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. அதைவிட, அவர் என்னைக் கேட்கப்போகும் கேள்விக்குப் பயமாக இருந்தது.

7

நேற்று அனிற்றா பதினொரு படத்தையும் வரிசையாக எனக்குக் காட்டினாள். முதல் படத்தில் அது மூலையில் ஒரு புள்ளி. படத்துக்குப் படம் கிட்ட வருகிறது. பதினோராவதில் பறவை போய்விட்டது. சரியாக நடுவில் அது நிற்கிறது, கமரா அதன் கண்ணில்தான் கூர்மை பிடித்திருக்கிறது. நான் பறவையை மட்டும் பார்த்து "இப்ப, இப்ப" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

"பப்பா, மா பெர்கே? ஏன் நீங்கள் சொல்லேல்லை?"

அந்தோனியண்ணையின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை. "பன்ரெண்டு வயசுப் பிள்ளைக்கு அப்பிடிச் சொன்னது பிழை," என்றாள். பிறகு, "இது அவரின்ரை படம். குடுக்கவேணும்," என்று எல்லாவற்றையும் தன் டாப்லெட்டில் ஏற்றித் தந்தாள். ஜெசிந்தா போகவேண்டாம் என்று அழுதாள். இன்று காலை போனேன்.

முற்றத்து எலுமிச்சை தெரியும் ஓர் அறை. நான் வாசலில் நின்றதுமே, "உனக்கு ஒரு வருசம் எடுத்திருக்கு, சவேரியோ," என்றார். காலடிச் சத்தத்தில் பிடித்துவிட்டார். மெலிந்திருந்தார். இரண்டு காதிலும் மெஷின். கண்ணோடு காதும் போய்விட்டதே என்று நினைத்தேன்.

"படங்கள் கொண்டந்தனான்," என்று உரத்துச் சொன்னேன்.

"கத்தாதை. சொல்லு, எப்பிடி வந்திருக்கு?"

பழக்கத்தில் 'பெல்லிஸ்ஸிமா' நுனிநாக்குக்கு வந்தது. விழுங்கினேன். "செட்டை மங்கல், சின்னோரே. கோடு மட்டும் நல்லாத் தெரியுது."

அவர் புருவத்தை உயர்த்தினார். "இப்பதான் நீ முதன்முதலா ஒரு படத்தைப் பழுதெண்டு சொல்லுறாய். வேறை என்ன இருக்கு அதிலை?"

நான் டாப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அண்டைக்கு எனக்கு ஓரத்தாலை ஏதோ அசைஞ்சது தெரிஞ்சது. மரக்கட்டையோ, மற்றதோ எண்டு விளங்கேல்லை. நீ பக்கத்திலை இருக்கிறாய், மற்றதெண்டால் சொல்லுவாய்தானே எண்டு நினைச்சன். நீ ஒண்டும் சொல்லேல்லை. அப்ப மரக்கட்டைதான் எண்டு நம்பித்தான் இன்னும் குனிஞ்சனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், விக்கி விக்கி அழுதேன். அவர் என்னைத் தடுக்கவில்லை.

"எலேனா கேட்டவள்," என்றார் பிறகு. "நீ தொண்டை கிழியக் கத்தினனி, எனக்குத்தான் காது கேக்கேல்லை எண்டு சொன்னனான். தெனூன்சியாவை விட்டிட்டாள். உடனை இந்த மெஷினை வாங்கிக் கொழுவிப்போட்டாள். என்ரை காதுக்கு ஒரு குறையும் இல்லை, சவேரியோ. நாள் முழுக்க எலுமிச்சை இலை உரசுறதும் இடி மாதிரிக் கேக்குது."

எனக்காக ஒரு வருடமாக அதை மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். நானோ தபால் பெட்டிக்குப் பயந்துகொண்டு, அவரைப் பார்க்க வராமல் இருந்திருக்கிறேன்.

"இப்ப சொல்லு," என்றார். "என்ன அது?"

"முதலை," என்றேன். முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு அவருக்கு விளங்கும் மொழியிலும் சொன்னேன். அறையில் ஒன்றும் நடக்கவில்லை.

"எவ்வளவு கிட்ட?"

வாயால் சொல்ல முடியவில்லை. அவருடைய வலது கையை எடுத்து மேசையில் வைத்து, விரல்களை அன்றைக்குப் போல நீட்டிவிட்டேன். அவர் நடுவிரலின் நுனியிலிருந்து என் கையால் ஒரு சாண் அளந்தேன். அந்த இடத்தில் என் முட்டியை வைத்து, மேசைப் பலகையில் இரண்டு தரம் தட்டினேன்.

அவர் தலையைச் சரித்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு விளங்கியது. மெல்ல, ஒவ்வொரு விரலாக, தன் கையை மேசையிலிருந்து இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.